கோடை கிறிஸ்துமஸுக்கு நாய்களோடு நண்பர்கள் வந்தால்

பூமியின் தென்பாதியில் டிசம்பர் 25 நடுக்கோடை. ஆஸ்திரேலியாவில் அன்று 35, 40 டிகிரி அடித்தாலும் யாரும் வியப்பதில்லை. நண்பர்கள் தங்கள் நாய்களோடு வந்து இரண்டு நாள் தங்கப்போகிறார்கள் என்றால் முதலில் மாற்ற வேண்டியது விருந்து நேரம். மதிய விருந்து குளிர்நாட்டுக்குச் சரி; இங்கே மாலை 6 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். சிட்னியிலும் மெல்பர்னிலும் அன்று 8 மணி தாண்டித்தான் பொழுது சாயும், வெளிச்சத்துக்குக் குறைவில்லை. நாய்களின் நடையும் ஓட்டமும் காலை 8 மணிக்குள் முடியட்டும். 10 முதல் 5 வரை அவை வீட்டுக்குள், தரை குளிர்ந்த அறையில் கிடந்து தூங்கட்டும்.

நாய்க்குப் பாதத்தில் மட்டுமே கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி மூச்சிரைத்து, நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணிக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்த வழி அடைபடும். அதனால் புழுக்கமான 30 டிகிரி, வறண்ட 36 டிகிரியைவிட மோசமாகலாம். வெறும் மின்விசிறியாலும் பெரிய பயனில்லை. வயிறு, கவட்டி, பாதங்களை நனைத்துவிட்டு விசிறியைப் போட்டால்தான் வேலை செய்யும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்கள், கிழ நாய்கள், குண்டு நாய்கள் இவற்றுக்கு மற்ற நாய்கள் தாங்கும் வெயிலில் பாதியே அதிகம். ஹஸ்கி, கோல்டன் ரிட்ரீவர் மாதிரி இரட்டை ரோமம் உள்ளவற்றை 'பாவம், வேர்க்குமே' என்று மொட்டையடிக்க வேண்டாம். உதிர்ந்த அடிரோமத்தைச் சீவி எடுத்தால் போதும்.

வெளியே கூட்டிப்போகும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் 7 விநாடி வையுங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் வேகும். கார் பற்றி ஒரே வரி: ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டிருந்தாலும், ஐந்து நிமிடக் கடை வேலையாக இருந்தாலும், நாயை உள்ளே விட்டுப் போகாதீர்கள்.

நாய்களை வாசல் கேட்டில் வைத்து அறிமுகப்படுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. அது வீட்டு நாயின் எல்லை, அங்கேதான் அது முறைக்கும். காலையில் வெளியே பொதுவான இடத்தில் ஐந்தாறு மீட்டர் இடைவெளியில், வாரைத் தளர்வாகப் பிடித்து, ஒரே திசையில் 15, 20 நிமிடம் நடத்துங்கள். இடைவெளி தானாகக் குறையும். பிறகு விருந்தாளி நாயை முதலில் தோட்டத்துக்குள் விட்டு, வீட்டு நாயைப் பின்னால் கூட்டி வாருங்கள். அதற்கு முன்பே பொம்மை, எலும்பு, சாப்பாட்டுக் கிண்ணம் எல்லாவற்றையும் அள்ளி உள்ளே வைத்திருக்க வேண்டும். சாப்பாடு தனித்தனி அறையில், கதவைச் சாத்தி. வெயிலில் நாய்களுக்கும் பொறுமை குறைவு. அடுப்பிலிருந்து ஒரு துண்டு கறி கீழே விழுந்தால் சண்டை மூள அதுவே போதும். மூண்டால் கையை நடுவில் விடாதீர்கள். தண்ணீரைப் பீய்ச்சுங்கள், அல்லது நாற்காலியை இடையில் தள்ளுங்கள்.

தண்ணீர்க் கணக்கு: சாதாரண நாளில் ஒரு கிலோ எடைக்கு 50, 60 மி.லி. 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். வெயிலில் இரண்டு பங்கு வையுங்கள். மூன்று நாய் என்றால் நான்கு கிண்ணம், வெவ்வேறு மூலையில், நிழலில், தட்டிவிட முடியாத கனமான பாத்திரமாக. ஐஸ் கட்டி போட்டால் தப்பில்லை. குழந்தைகளின் பிளாஸ்டிக் குளத்தை மரத்தடியில் போட்டு, நாயின் முழங்கை உயரம் நிரப்பினால் மத்தியானம் முழுக்க அங்கேயே கிடக்கும்.

இனி சாப்பாட்டு மேசை. ஆபத்து பெரும்பாலும் இங்கேதான். 'ஒரு வாய் குடுத்தா என்ன ஆயிடும்' என்று எட்டு பேரும் ஆளுக்கொரு வாய் கொடுத்தால் அது ஒரு தட்டு. ஹாமின் (பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சி) கொழுப்பும் தோலும் கணைய அழற்சியைக் கொண்டுவரலாம். வாந்தி தொடங்க ஓரிரு நாள்கூட ஆகும், அதற்குள் விருந்தாளிகள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். கேக், புட்டிங், 'மின்ஸ் பை' என்ற உலர்பழப் பண்டம் இவற்றில் இருக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். எவ்வளவு வரை பரவாயில்லை என்று எந்த அளவும் சொல்ல முடியாது. ஆகவே தின்றது தெரிந்த உடனே மருத்துவரை அழையுங்கள், அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் அவர்கள் வாந்தி எடுக்கவைத்தால் பலன் அதிகம். வீட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றி முயல்வது இன்னொரு விஷம். மெக்கடேமியா கொட்டை தின்றால் பின்னங்கால் தள்ளாடும். சர்க்கரையில்லா சூயிங்கம்மில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பூட்டி அரைமணி நேரத்தில் ரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும். வெங்காயம், பூண்டு, சாக்லேட் ஆகாது என்பது பலருக்குத் தெரியும். சோளக் கட்டை குடலை அடைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. வெந்த எலும்பு, கறி கோத்த குச்சி, இறைச்சியைக் கட்டிய நூல் ஆகியவற்றை எண்ணி எடுத்து மூடியுள்ள வாளியில் போடுங்கள். கிறிஸ்துமஸ் மரத்தடியில் சாக்லேட் பரிசு வைக்காதீர்கள். காகிதம் சுற்றியிருந்தாலும் மூக்கு கண்டுபிடிக்கும்.

பார்பெக்யூவின் கொழுப்புத் தட்டை உடனே அப்புறப்படுத்துங்கள். கொழுப்பு சிந்திய மணலையும் நாய் தின்னும், அது குடலில் கட்டிக்கொள்ளும். காட்டுத்தீ அபாயத்தால் முழுத் தீத்தடை அறிவித்த நாளில் விறகு, கரி அடுப்பு மூட்டக்கூடாது. எரிவாயு அடுப்புக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, முந்தின இரவே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைக்குப் போவதானால் கோடையில் எந்த நேரம் நாய்க்கு அனுமதி என்று கேட்டுவிட்டுப் போங்கள். கடல் நீரைக் குடித்தால் பேதியில் தொடங்கி உப்பு நஞ்சு வரை போகும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் கொடுங்கள். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம் முடக்குவாத உண்ணி உண்டு. தினமும் முகம், காதுமடல், கழுத்து, விரலிடுக்கு எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். குரைப்பு மாறினாலோ பின்னங்கால் துவண்டாலோ அது காத்திருக்கும் விஷயமல்ல.

வெப்பத் தாக்கத்தின் அடையாளங்கள்: அடங்காத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், செக்கச்செவேலென்ற ஈறு, தள்ளாட்டம், வாந்தி. நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை. 41 தொட்டால் உயிருக்கே ஆபத்து. முதலில் குளிர்விக்க வேண்டும், வண்டி ஏற்றுவது அதற்குப் பிறகு. நிழலில் கிடத்தி, உடல் முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். குழாய்த் தண்ணீர் போதும், ஆனால் குழாயில் முதலில் வரும் கொதிநீரை வெளியே விட்டுவிடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்திவிட்டு அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. 39.5 வந்ததும் நிறுத்தி, ஏசி போட்ட காரில் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எழுந்து வாலாட்டினாலும் காட்டியாக வேண்டும், உள்ளுறுப்புச் சேதம் பிறகுதான் தெரியவரும்.

பண்டிகை நாளில் வழக்கமான மருத்துவர் விடுமுறையில் இருப்பார். 24 மணி நேர மருத்துவமனையின் எண்ணை 24ஆம் தேதியே பேசிச் சரிபார்த்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் கைபேசி எண் இருக்கட்டும். கேட்டில் 'நாய் உள்ளே, சாத்தவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, வெளியே போகிறவர் கண்ணில் படும் உட்பக்கமும் ஒன்று தொங்கவிடுங்கள்.