தேடல் பெட்டிக்கு யூனிட் டெஸ்ட்: ஈவென்ட்டும் நேரமும் உங்கள் கையில் இருக்கட்டும்

ரயில் நிலையம் தேடும் ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். பெயரைத் தட்டிவிட்டு 300 மில்லிசெகண்ட் நிறுத்தினால் சர்வருக்குக் கேள்வி போகும், பதில் வந்ததும் கீழே பட்டியல் விரியும், என்டர் தட்டினால் பட்டியலின் முதல் நிலையம் திறக்கும். மொத்தமே நாற்பது ஐம்பது வரி ஜாவாஸ்கிரிப்ட்தான். ஆனாலும் இதற்கு யூனிட் டெஸ்ட் (நிரலின் ஒரு சிறு பகுதி சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் இன்னொரு சிறு நிரல்) எழுத உட்காருபவர்கள் பலர் அரை மணி நேரத்தில் "யூஐக்கெல்லாம் (பயனர் பார்க்கும் திரைக்கெல்லாம்) டெஸ்ட் எழுத முடியாது" என்று எழுந்துவிடுகிறார்கள். முடியும், நிச்சயமாக முடியும். நிரலை முதலில் கொஞ்சம் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் ஈவென்ட் ஹேண்ட்லரை, அதாவது எழுத்தைத் தட்டுவது போன்ற ஒரு நிகழ்வு (ஈவென்ட்) நடந்ததும் ஓடும் ஃபங்ஷனைத் திறந்து பாருங்கள். வந்த ஈவென்ட்டைப் படிப்பது, என்ன செய்வது என்று முடிவெடுப்பது, திரையை மாற்றுவது என மூன்று வேலையும் ஒரே ஃபங்ஷனில் பின்னிக் கிடக்கும். பிழைகள் பெரும்பாலும் நடுவில் இருக்கிற அந்த முடிவெடுக்கும் பகுதியில்தான். அதை மட்டும் தனி ஃபங்ஷனாக வெளியே எடுங்கள்: இப்போதைய நிலையும் நடந்த விஷயமும் உள்ளே போகும், புதிய நிலை வெளியே வரும். அதற்குள் பிரவுசரின் வாசனையே இருக்கக் கூடாது. 2002-இல் மென்பொருள் வல்லுநர் மைக்கேல் ஃபெதர்ஸ் டயலாக் பாக்ஸை வைத்து விளக்கியதும் இதைத்தான். டெஸ்ட் செய்யக் கடினமான திரைப் பகுதியில் முடிந்தவரை எதுவும் மிச்சம் இல்லாமல் செய்துவிட்டு, யோசிக்கிற வேலையை எல்லாம் வேறொரு ஆப்ஜெக்டுக்கு மாற்றிவிடுவது. இப்படிப் பிரித்துவிட்டால் "பட்டியல் காலியாக இருக்கும்போது என்டர் தட்டினால் ஒன்றும் நடக்கக் கூடாது" போன்ற டெஸ்டெல்லாம் மூன்று வரியில் முடிந்துவிடும்.

அடுத்தது நேரம். டெஸ்டுக்குள் உண்மையாகவே 300 மில்லிசெகண்ட் காத்திருக்காதீர்கள். இன்று உங்கள் லேப்டாப்பில் பாஸ் ஆகும், நாளை டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ மெஷின் கொஞ்சம் திணறினால் ஃபெயில் ஆகும், அப்புறம் யாரும் அந்த டெஸ்டை நம்ப மாட்டார்கள். ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட் கருவியான ஜெஸ்ட்டில், நீங்கள் நகர்த்தினால் மட்டும் ஓடும் போலி டைமரைப் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி எழுத்தைத் தட்டியபின் கடிகாரத்தை 299 நகர்த்துங்கள், சர்வர் அழைப்பு பூஜ்யம். இன்னும் 1 நகர்த்துங்கள், அழைப்பு ஒன்று. எல்லையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தால்தான் அது டெஸ்ட்.

இங்கே எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. போலி டைமரை நகர்த்தினால் டைமர்தான் ஓடும், பிராமிஸுக்கு (பிறகு வரப்போகும் பதிலுக்கான ஆப்ஜெக்ட்) பின்னால் தொங்கும் வேலை தானாக ஓடாது. அதற்கு ஜெஸ்ட் 29.5-இல் வந்த அசிங்க் வகை நகர்த்தலைப் பயன்படுத்தி, அது முடியும் வரை காத்திருக்க அவெய்ட் போடுங்கள். பயனர் தட்டுவதை டெஸ்டில் நடித்துக்காட்டும் யூசர்-ஈவென்ட் லைப்ரரி ஒவ்வொரு தட்டலுக்கும் நடுவில் தன் பங்குக்கு ஒரு டைமர் வைத்துக் காத்திருக்கும், அது போலிக் கடிகாரம் நகராததால் அப்படியே நின்றுவிடும், நீங்கள் டைம்அவுட் பிழையைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருப்பீர்கள். அதன் செட்அப்பில் கடிகாரத்தை நகர்த்தும் ஃபங்ஷனைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும். டெஸ்ட் முடிந்ததும் உண்மை டைமருக்குத் திரும்ப மறக்காதீர்கள்.

சரி, இப்போது என்னை நிஜமாகவே தூங்கவிடாத பிழைக்கு வருகிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே மாதிரி ஒரு பெட்டி. "திரு" என்று தட்டிச் சற்று யோசித்துவிட்டு "திருச்சி" என்று முடிக்கிறார் ஒருவர். இரண்டு கேள்விகள் போகின்றன. அலுவலக வைஃபையில் பதில்கள் போன வரிசையிலேயே திரும்பும், அதனால் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஓடும் பேருந்தில் மொபைல் டேட்டாவில் "திரு"வுக்கான பதில் கடைசியாக வந்து சேர்ந்தது. பெட்டியில் திருச்சி, கீழே பட்டியலில் முதலில் திருநெல்வேலி, என்டர் தட்டினால் திறப்பதும் அதுதான்.

இதை டெஸ்டில் பிடிக்க நெட்வொர்க்கை மெதுவாக்க வேண்டியதில்லை. சர்வரிடம் கேட்டு வாங்கும் (ஃபெட்ச் செய்யும்) ஃபங்ஷனை வெளியிலிருந்து கொடுக்கும்படி மாற்றிவிட்டு, டெஸ்டில் போலியைக் கொடுங்கள். அந்தப் போலி உடனே பதில் சொல்லக் கூடாது, ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு பிராமிஸைத் தந்துவிட்டு அதை முடித்துவைக்கும் சாவியை உங்கள் அரேயில் போட வேண்டும். "திரு" தட்டி 300 நகர்த்துங்கள், "ச்சி" சேர்த்து இன்னொரு 300 நகர்த்துங்கள், இரண்டு சாவியும் கையில். இப்போது வேண்டுமென்றே இரண்டாவதை முதலில் முடியுங்கள், பிறகு முதலாவதை. திரையில் திருச்சி மட்டும் இருக்க வேண்டும், திருநெல்வேலி இருக்கவே கூடாது. தீர்வு எளிது: ஒவ்வொரு கேள்விக்கும் வரிசை எண் கொடுத்து, கடைசி எண்ணுக்குரிய பதிலை மட்டும் ஏற்பது, அல்லது அபார்ட்கன்ட்ரோலரால் பழைய கேள்வியை ரத்து செய்வது. தீர்வை எழுதிய பிறகு அந்த ஒரு வரியை அழித்துவிட்டு டெஸ்டை மறுபடி ஓட்டுங்கள். சிவப்பாக (ஃபெயில் என்று) வரவில்லை என்றால் டெஸ்ட் எதையும் காக்கவில்லை.

தட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெஸ்டிங் லைப்ரரியின் ஃபயர்ஈவென்ட் ஃபங்ஷன் நீங்கள் சொன்ன ஒரே ஈவென்ட்டைத்தான் அனுப்பும். யூசர்-ஈவென்ட் ஒவ்வொரு எழுத்துக்கும் கீடவுன், இன்புட், கீஅப் என்று வரிசையாக அனுப்பும், அதனால் வழக்கமான தட்டலுக்கு அதையே எடுங்கள். ஹேண்ட்லர் அழைக்கப்பட்டதா என்று பார்க்காமல், பயனர் கண்ணில் என்ன படுகிறது என்று பாருங்கள். பட்டியல் சரியான இடத்தில் விரிகிறதா என்பதை இங்கே சோதிக்க வேண்டாம். டெஸ்டில் பிரவுசருக்குப் பதிலாக நிற்கும் ஜேஎஸ்டாம் லேஅவுட் போடுவதில்லை, எந்த எலிமென்ட்டின் அளவைக் கேட்டாலும் பூஜ்யம்தான் சொல்லும். அதை பிளேரைட் போல நிஜ பிரவுசரை ஓட்டும் கருவிக்கு விட்டுவிடுங்கள்.

ஆனால் யூசர்-ஈவென்ட் போதாத ஓர் இடம் உண்டு, அது நம் ஆட்களை நேரடியாகப் பாதிக்கிறது. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றும் கீபோர்டுகளில், சொல் முழுதாக உருவாகும் வரை பிரவுசர் காம்பொசிஷன் நிலையில் இருக்கும். பரிந்துரையைத் தேர்ந்தெடுக்க என்டர் தட்டுவார்கள். அந்த என்டரும் உங்கள் ஹேண்ட்லருக்கு வரும், சொல் முடியும் முன்பே ஏதோ ஒரு நிலையம் திறந்துவிடும். ஆங்கிலத்தில் மட்டும் தட்டிப் பார்க்கும் குழுவுக்கு இது ஒருநாளும் தெரியாது. ஆகவே இதற்கென்று ஒரு டெஸ்ட் எழுதுங்கள். ஃபயர்ஈவென்ட்டால் காம்பொசிஷன்ஸ்டார்ட் அனுப்புங்கள், பிறகு இஸ்கம்போசிங் (காம்பொசிஷன் இன்னும் நடக்கிறதா என்று சொல்லும் குறி) உண்மை என்று வைத்து என்டர் கீடவுன் அனுப்புங்கள், எதுவும் திறக்கக் கூடாது. காம்பொசிஷன்எண்ட் அனுப்பிவிட்டு, இன்னொரு என்டர். இப்போது திறக்க வேண்டும். சஃபாரியில் காம்பொசிஷன்எண்ட் முதலில் வந்து, அதே என்டரின் கீடவுன் பின்னால் இஸ்கம்போசிங் பொய்யாகவும் கீகோட் (விசையின் எண்) 229 ஆகவும் வரும், எனவே அந்த வரிசைக்கும் தனியாக ஒரு டெஸ்ட் வையுங்கள்.