சந்திக்குச் சந்தி கைமாறும் குரல்: வீதிச் சைக்கிள் ஓட்டத்துக்கு நேரடி வர்ணனை அமைத்தல்

சித்திரைப் புத்தாண்டு வந்தால் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஊருக்கு ஊர் சைக்கிள் ஓட்டமும் மரதனும்தான். மைதானத்தில் மைக் இருக்கும், ஓட்டமோ வீதியில். சைக்கிள்கள் கண்ணை விட்டு மறைந்ததும் அறிவிப்பாளர் அனுசரணையாளர்களின் பெயரை மூன்றாம் தடவையாக வாசிக்கத் தொடங்கிவிடுவார். கடைசியில் யாரோ ஒருவர் முதலாவதாக வந்து சேருவார். நடுவில் நடந்தது வேலியோரம் நின்றவர்களுக்கு மட்டும் தெரியும்.

சாதாரணக் காரின் உருவில் அமைந்த பந்தயக் கார்கள் ஓடும் அமெரிக்க ஸ்டொக் கார் ஓட்டத்துக்கும் இதே சிக்கல் இருந்தது. புளோரிடாவிலுள்ள டேட்டோனா தடம் 2.5 மைல் நீளம், ஏறக்குறைய 4 கிலோமீற்றர். டேட்டோனா 500 போட்டியைத் தொலைக்காட்சி தொடக்கம் முதல் முடிவு வரை நேரடியாகக் காட்டியது 1979இல்தான். அதற்கு முன்பே, 1970இல், ஸ்டொக் கார் ஓட்டங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பை நிறுவிய பில் பிரான்ஸும் வர்ணனையாளர் கென் ஸ்குவையரும் மோட்டார் ரேசிங் நெட்வேர்க் என்ற வானொலி வலையமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். கோபுரத்தில் பிரதான வர்ணனையாளர்கள், முதல் இரண்டு வளைவுகளுக்கு ஒருவர், எதிர்ப்பக்க நேர்ப்பாதைக்கு ஒருவர், கடைசி இரண்டு வளைவுகளுக்கு ஒருவர், கார்கள் டயர் மாற்ற நிற்கும் இடத்தில் நிருபர்கள். கார் நகர நகரக் குரல் மாறும். கேட்பவர் இருந்த இடத்திலிருந்தே தடத்தைச் சுற்றி வந்துவிடுவார்.

இதே முறையை நாலு வர்ணனையாளரும் நாலு போனும், ஒலிகளைக் கலக்கும் ஒரு சின்ன மிக்ஸரும் கொண்டு நம் ஊர் வீதியில் செய்யலாம். உதாரணத்துக்கு 2 கிலோமீற்றர் சுற்று, 20 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு செக்கனுக்கு 10 மீற்றர் நகரும். ஒரு சுற்றுக்கு 3 நிமிடம் 20 செக்கன். 500 மீற்றருக்கு ஒரு வர்ணனையாளர் என்றால் ஒவ்வொருவர் கையிலும் 50 செக்கன். டேட்டோனாவில் முழுச் சுற்றே ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. நமக்கு அவசரம் குறைவு, நிரப்ப வேண்டிய நேரம் கூட.

கைமாறும் இடம்

ஆட்களைத் தெரிவதற்கு முன் இடங்களைத் தெரியுங்கள். முகப்பு (ஓட்டம் தொடங்கி முடியும் கோடு, மிக்ஸர் இருக்கும் இடம்), கோயில் சந்தி, பாலத்தடி, கடற்கரை வளைவு என்று நாலு பெயர். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, ஒரே மூச்சில் சொல்லக்கூடிய பெயர்களாக இருக்கட்டும். ‘பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்துக்கு முன்னால்’ என்று சொல்லி முடிப்பதற்குள் சைக்கிள் 30 மீற்றர் போய்விடும்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கைமாறும் கோடு வேண்டும். அது ஒரு மின்கம்பமோ மதகோ ஆக இருக்கலாம். பக்கத்துப் பக்கத்து இருவருக்கும் கண்ணில் படவேண்டும். முன்னணிச் சைக்கிளின் முன்சில்லு அந்தக் கோட்டைத் தொட்டதும் முதலாமவர் நிறுத்த வேண்டும், அடுத்தவர் தொடங்க வேண்டும். ‘இப்போது பாலத்தடியில் நிற்கும் நண்பரை அழைக்கிறேன், வணக்கம், அங்கு நிலைமை எப்படி’ என்ற மரியாதையெல்லாம் மேடைக்குச் சரி. இங்கே அது 8 செக்கன், அதாவது 80 மீற்றர். அதற்குள் ஒருவர் முந்திவிடலாம்.

இனி மொழி. தமிழில் வினை கடைசியில் வரும். ‘கோயில் சந்தியைத் தாண்டி 25ஆம் இலக்கச் சைக்கிளோட்டியை 9ஆம் இலக்கச் சைக்கிளோட்டி’ என்ற இடத்தில் குரல் அறுந்தால், முந்தினாரா, மோதினாரா என்று கேட்பவருக்குத் தெரியாது. எழுத்துத் தமிழின் நீண்ட வசனத்தை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். துண்டு துண்டாகச் சொல்லுங்கள்: யார் முன்னுக்கு, எவ்வளவு இடைவெளி, பின்னால் யார், கடைசியாக இடம். ‘ஒன்பது முன்னுக்கு. இரண்டு சைக்கிள் நீளம். பின்னால் இருபத்தைந்து, மஞ்சள் சட்டை. பாலத்தடி!’ அந்த இடப்பெயர்தான் சாவி. அது காதில் விழுந்ததும் அடுத்தவர் வாய் திறக்க வேண்டும், முதலாமவர் மூட வேண்டும். அடுத்தவர் முதல் சொல்லாகத் தன் இடத்தைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. நேரே இலக்கத்தில் தொடங்கலாம்.

இலக்கங்களிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பதினாறு, பதினேழு, பதினெட்டு மூன்றும் காற்றில் ஒன்றுபோலவே கேட்கும். ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே பேசி, நெஞ்சு இலக்கம் கொடுக்கும்போது 13 முதல் 19 வரை விட்டுவிடச் சொல்லுங்கள். முடியாது என்றால் இலக்கத்தோடு சட்டை நிறத்தையும் எப்போதும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே ஊரிலிருந்து ஐந்து பேர் ஓடுவார்கள், ஐந்து பேரின் வீட்டிலும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

போனை மிக்ஸரில் கொழுவுதல்

சிறிய எப்.எம். ஒலிபரப்புக் கருவியை வாங்கிப் பூட்டிவிடலாம் என்ற யோசனை யாருக்காவது வரும். உரிமம் இல்லாமல் அலைவரிசையில் ஒலிபரப்புவது சட்டவிரோதம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். வோக்கி டோக்கிக்கும் இதே கதைதான். எனவே போன் வலையமைப்பையும் இணையத்தையும் நம்புங்கள். ஏற்கெனவே இயங்கும் வானொலி ஒன்று ஒலியை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தால் இன்னும் நல்லது. மைதான ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியை முதலே எடுத்துவிடுங்கள்.

வெளியிடத்து மூவரும் முகப்பிலுள்ள ஒரு போனும் ஒரே குழு அழைப்பில் இருக்க வேண்டும். அந்த முகப்புப் போனில் யாரும் பேசுவதில்லை. அது மிக்ஸரோடு மட்டும் கொழுவப்பட்டிருக்கும். போனின் நாலு தொடுபகுதி கொண்ட ஜக்கில் நுனி இடப்பக்க ஒலி, அடுத்தது வலப்பக்க ஒலி, மூன்றாவது தரை, அடி மைக். பழைய சில போன்களில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். வெளியிடத்தவர் குரல் மெலிந்து, குகைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் காரணம் அதுதான். ஜக்கை ஹெட்போன், மைக் என்று இரண்டாகப் பிரிக்கும் வயரில் ஹெட்போன் பக்கம் மிக்ஸரின் லைன் உள்ளீட்டுக்குப் போகும். மிக்ஸரின் ஓக்ஸ் வெளியீடு, அதாவது வேண்டிய ஒலியை மட்டும் தனியாக வெளியே அனுப்பும் வழி, மைக் பக்கத்துக்கு வரும்.

ஓக்ஸ் வெளியீட்டை நேரே மைக் பக்கம் கொழுவினால் ஒலி வெடித்துச் சிதறும். லைன் மட்டம், போனின் மைக் எதிர்பார்ப்பதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. அதைக் குறைக்கச் சில ரூபாய்ச் சாமான் போதும்: ஓக்ஸ் வயரில் ஒலி வரும் கம்பியில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வையுங்கள். அதன் மறுமுனையிலிருந்து தரைக்கு 100 ஓம். அந்தச் சந்திப்பிலிருந்து 10 மைக்ரோபரட் கப்பாசிட்டர் வழியாக மைக் முனைக்கு, நேர்முனை போன் பக்கமாக. கப்பாசிட்டரைத் தாண்டி, மைக் முனைக்கும் தரைக்கும் இடையில் 2.2 கிலோ ஓம். கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். கப்பாசிட்டர் இல்லாவிட்டால் 100 ஓமை யாரோ ஹெட்செட்டின் பொத்தானை அமத்தியதாகப் போன் எடுத்துக்கொண்டு அழைப்பைத் துண்டித்துவிடலாம். 2.2 கிலோ ஓம் இல்லாவிட்டால் வெளிமைக் ஒன்று பூட்டியிருப்பதே அதற்குத் தெரியாது. தன் சொந்த மைக்கையே கேட்டுக்கொண்டிருக்கும்.

ஓக்ஸ் திருகிகளில் ஒரே ஒரு விதி: முகப்பு மைக்கின் ஓக்ஸ் திறந்திருக்கும், போன் சனலின் ஓக்ஸ் பூச்சியத்தில் இருக்கும். அதைத் திறந்தால் பாலத்தடியில் நிற்பவருக்குத் தன் குரலே அரைச் செக்கன் தாமதித்துத் திரும்பி வரும். தன் குரலைத் தாமதமாகக் கேட்டுக்கொண்டு பெரும்பாலானோரால் சீராகப் பேச முடியாது. நாக்குக் குழறும், பிறகு நின்றுவிடும். அறிவிப்பாளர் பதறிவிட்டார் என்று எல்லோரும் நினைப்பார்கள். பாவம், திருகியின் குற்றம்.

முகப்புப் போனைச் சார்ஜரில் போடாமல் பவர்பாங்கில் ஓட விடுங்கள். மிக்ஸரும் போனும் ஒரே மின்சாரத்தில் இருந்தால் பெரும்பாலும் ‘உம்’ என்ற இரைச்சல் ஏறும். வெளியிடத்தவர்களுக்கு வயர் உள்ள ஹெட்செட்தான் நல்லது. புளூடூத் தாமதத்தைக் கூட்டும், நடுவில் பற்றரியும் கைவிடும். தன் முறை இல்லாதபோது மைக்கை மியூட்டில் வைத்திருக்க வேண்டும். சைக்கிள் தனக்கு 100 மீற்றர் இருக்கும்போதே மியூட்டை எடுத்துவிட வேண்டும், கோட்டில் அல்ல. மியூட் மறந்தால் பக்கத்துக் கடைப் பாட்டு முழுவதும் ஒலிபரப்பாகும். பேஸ்புக் நேரலை என்றால் பதிப்புரிமை காரணமாக ஒலியே அடைக்கப்படலாம்.

சனம் கூடினால் டேட்டா படுத்துவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ ஏற்றுவார்கள். அதனால் மூவருக்கும் ஒரே நிறுவனத்து சிம் வேண்டாம். டயலொக், மொபிட்டல், ஹட்ச் என்று அந்தந்த இடத்தில் எது நன்றாக எடுக்கிறதோ அது. வட்ஸ்அப் அழைப்பு அறுந்தால் உடனே மாறுவதற்குச் சாதாரணக் கொன்பரன்ஸ் அழைப்பை முதல் நாளே ஒருமுறை செய்து பாருங்கள். குரல் தகரத்தில் அடித்ததுபோல் இருக்கும், ஆனால் அவ்வளவு எளிதில் அறாது.

இணையத்துக்கு அனுப்பும் ஒலி மோனோ, செக்கனுக்கு 64 கிலோபிட் போதும். பேச்சுக்கு அதற்கு மேல் வீண். மூன்று மணித்தியாலத்துக்கு 90 மெகாபைட் கூடத் தேவைப்படாது.

தாமதம்

இணைய நேரலை கேட்பவரிடம் போய்ச் சேர 10 முதல் 30 செக்கன் வரை எடுக்கலாம். 20 செக்கன் என்றால் 200 மீற்றர். வீதியோரம் போனில் கேட்டுக்கொண்டு நிற்பவருக்கு, கண் முன்னால் கடந்துபோன சைக்கிள் ‘இதோ வருகிறது’ என்று சொல்லப்படும். இதை மாற்ற முடியாது; மைதானத்து ஒலிபெருக்கிக்கு மட்டும் மிக்ஸரிலிருந்து நேரே வயர் கொடுங்கள். வர்ணனையாளர் யாரும் நேரலையைக் காதில் போட்டுக்கொண்டு பேசக்கூடாது. நேரலை ஓடுகிறதா என்று பார்க்க, பேசாத ஒருவர் தூரத்தில் இருக்கட்டும்.

காற்றும் வெயிலும் நிற்கும் இடமும்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மைக்கின் மேல் போடும் சாதாரண ஸ்பொஞ்ச் உறை போதாது. மயிர்த்துணி உறை போடுங்கள், அல்லது காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். முகப்பில் டைனமிக் மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தூரத்துக்குள், சற்றுப் பக்கவாட்டில் பிடித்து, மிக்ஸரில் தாழ்ந்த இரைச்சலை வெட்டும் லோ கட் பொத்தானை அமத்துங்கள். ஸ்டொக் கார் வர்ணனையாளர்கள் காதை முழுவதும் மூடும் ஹெட்செட்டில், உதட்டருகே நீளும் மைக்கில் பேசுவதும் இதற்காகத்தான்: இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டாமல் தூரத்தைக் குறைக்கிறார்கள்.

போனை வெயிலில் வைத்தால் சூடேறித் தானே அணைந்துவிடும். கறுத்தப் பொலித்தீனால் மூடுவது இன்னும் மோசம். வெள்ளைத் துணி நிழல் போதும்.

நிற்கும் இடம் உயரமாக இருக்க வேண்டும். மேல்மாடி வீடு கிடைத்தால் கெஞ்சிக் கேட்டாவது வாங்குங்கள். மோட்டார் சைக்கிள் அல்லது கார் ஓட்டம் என்றால் இது பார்வை வசதி மட்டுமல்ல. வேகம் மிஞ்சிய வாகனம் வளைவின் வெளிப்பக்கமாகத்தான் விலகும். 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஓட்டத்தில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். வளைவின் வெளிப்பக்கத்தில், தரையில், எந்தக் காரணத்துக்காகவும் ஆளை நிறுத்தாதீர்கள்.

சுற்றுத் தாள்

முகப்பில் இருவர் வேண்டும். ஒருவர் பேசுவார், மற்றவர் பேசவே மாட்டார், எழுதுவார். A4 தாளில் 20 நெடுக்குக் கட்டம், ஒரு சுற்றுக்கு ஒன்று. கோட்டைக் கடக்கும் வரிசையில் இலக்கங்களை மேலிருந்து கீழாக எழுத வேண்டும். எட்டாம் சுற்றில் ஒருவர் முன்னணிக்குப் பக்கத்தில் வருவார், கூட்டம் கைதட்டும். அவர் முன்னணி அல்ல, ஒரு சுற்றுப் பின்தங்கியவர் என்பது இந்தத் தாளில்தான் தெரியும். தாள் இல்லாத வர்ணனை அந்த இடத்தில்தான் பொய் சொல்லும்.

இடைவெளியைக் கண்ணால் மதிக்காதீர்கள். ஒரு கம்பத்தைக் குறித்து, முதலாமவர் கடந்ததிலிருந்து இரண்டாமவர் கடக்கும் வரை செக்கனை எண்ணுங்கள். ‘4 செக்கன், போன சுற்றில் 6’ என்று சொன்னாலே போதும், துரத்தல் கேட்பவரின் மனதில் ஓடத் தொடங்கிவிடும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, சைக்கிள்கள் பாலத்தடி நோக்கிப் போகும் அமைதியான வேளையில், எத்தனையாவது சுற்று, முதல் ஐந்து இலக்கம், இடைவெளி என்று முகப்பு திரும்பச் சொல்ல வேண்டும். இப்போதுதான் கேட்கத் தொடங்கியவர் எப்போதும் ஒருவர் இருப்பார். அனுசரணையாளர் பெயரும் அந்த வேளையில்தான். கைமாறும் நேரத்தில் ஒருபோதும் இல்லை. கல்முனை, காத்தான்குடிப் பக்கம் என்றால் பாங்கு நேரத்தையும் தாளின் தலையில் குறித்துக்கொள்ளுங்கள், ஒலிபெருக்கியைக் குறைக்க மறக்காதிருக்க.

முதல் நாள், போட்டி நடக்கும் அதே நேரத்தில், ஒரு மோட்டார் சைக்கிளை 36 கிலோமீற்றர் வேகத்தில் மூன்று சுற்று ஓடவிட்டு முழு வர்ணனையும் செய்து பாருங்கள். முதல் சுற்றில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் பேசுவார்கள். மூன்றாவதில் சரிவரும்.

யாராவது விழுந்தால் அந்த இடத்தில் நிற்பவர் சொல்ல வேண்டியது இடமும், ஓட்டம் தொடர்கிறதா நிற்கிறதா என்பதும் மட்டும். இலக்கம் வேண்டாம், காயத்தின் விபரம் வேண்டாம். வீட்டில் தாய் கேட்டுக்கொண்டிருப்பார். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைப்பது வர்ணனையாளர் அல்லாத ஒருவரின் பொறுப்பு என்று முதலே தீர்மானித்துவிடுங்கள். அம்புலன்ஸ் வரும் வீதியை விடச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிப்பது முகப்பின் வேலை.

கடைசிச் சுற்றில் கடற்கரை வளைவு தன் கோட்டுக்கு முன்பே, கடைசி 200 மீற்றரை முகப்பிடம் கொடுத்துவிட வேண்டும். மற்ற மூவரும் மியூட். கோட்டில் மூன்று சைக்கிள் ஒன்றாக வந்தால் ‘மூவரும் கடந்தார்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். முதலாம், இரண்டாம், மூன்றாம் இடங்களை நடுவரின் துண்டு கைக்கு வந்த பிறகு வாசியுங்கள்.