வீட்டில் இரண்டு வண்டி: சிப் சாவியை நாமே பதிவது எப்படி

சிப் சாவி விஷயத்தில் ஒரே கணக்குதான். வண்டியைக் கிளப்புகிற சாவிகள் இரண்டு நம்மிடம் இருக்கும்போதே மூன்றாவதைச் செய்துகொள்ளுங்கள். ஒன்று தொலைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பத்து நிமிஷ வேலைக்காக டீலரிடமோ, கருவியோடு வரும் சாவிக்காரரிடமோ போய் நிற்கவேண்டி வரும். அமெரிக்காவில் பழைய வண்டி வாங்கி ஓட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். என் வீட்டில் நிற்பவை 2007 ஃபோர்டு ஃபோகஸும் 2006 டாட்ஜ் கிராண்ட் கேரவனும். இரண்டுக்கும் புதுச் சாவியை ஒரே மாலையில் நானே பதிந்தேன், அதாவது வண்டிக்கு அடையாளம் காட்டிவைத்தேன்.

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் சின்னதாக ஒரு சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது. இக்னிஷனைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள்தான் அதற்கு மின்சாரம் கொடுத்து, இது நம்ம சாவிதானா என்று விசாரிக்கிறது. அதனால்தான் ரிமோட்டின் பேட்டரி செத்தாலும் வண்டி கிளம்பும். அதனால்தான் சிப் இல்லாமல் வெட்டிய வெறும் உலோகச் சாவி கதவைத் திறக்கும், இக்னிஷனிலும் திரும்பும், ஆனால் எஞ்சின் ஓடாது.

புதுச் சாவி வாங்கும்போது வண்டியின் மாடலையும் வருஷத்தையும் சொல்லி வாங்குங்கள். ஃபோர்டு சிப்பை டாட்ஜ் ஏற்காது. டாட்ஜுக்குப் பழைய சாவி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள், ஒருமுறை ஒரு வண்டியில் பதிந்த சென்ட்ரி கீயை (டாட்ஜின் சிப் சாவிக்கு அதுதான் பெயர்) இன்னொரு வண்டியில் பதிய முடியாது. ஃபோர்டில் அந்தப் பிடிவாதம் இல்லை. முதலில் சாவியை வெட்டி வாங்கி, கதவில் போட்டுத் திருப்பிப் பாருங்கள். சிக்கினால் கடைக்கே திரும்பக் கொண்டுபோங்கள், பதிவதற்கு நடுவில் சாவியோடு மல்லுக்கட்ட நேரம் இருக்காது.

அப்புறம், எல்லாச் சாவியையும் வளையத்திலிருந்து கழற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல்தான் நான் அரைமணி நேரம் வீணடித்தேன். ஃபோகஸ் சாவியோடு கேரவன் சாவியும் அதே வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு சிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வண்டி குழம்பிப்போகிறது. மூன்று தடவை தோற்ற பிறகு, வாங்கின சாவிதான் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே வளையத்தைக் கழற்றினேன், அடுத்த தடவையே வேலை முடிந்தது. ஒவ்வொரு சாவியிலும் காகித டேப் ஒட்டி ஃபோ-1, ஃபோ-2, ஃபோ-புது என்று எழுதிக்கொள்ளுங்கள். இன்னொரு வண்டியின் சாவிகள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

சரி, ஃபோர்டு. முதல் சாவியைப் போட்டு ஆஃபிலிருந்து ஆனுக்குத் திருப்புங்கள், எஞ்சினைக் கிளப்ப வேண்டாம். 3 விநாடிக்குக் குறையாமல், 10 விநாடிக்கு மிஞ்சாமல் ஆனில் வைத்து, ஆஃப் செய்து உருவுங்கள். 3 விநாடி பொறுத்து, 10 விநாடிக்குள் இரண்டாவது சாவியைப் போட்டு அதே மாதிரி செய்யுங்கள். மறுபடி அதே இடைவெளியில் புதுச் சாவியைப் போட்டு ஆனில் 6 விநாடியாவது வைத்திருங்கள். அவ்வளவுதான், இப்போது எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கலாம். கிளம்பவில்லையென்றால் 20 விநாடி சும்மா இருந்துவிட்டு முதல் சாவியிலிருந்து ஆரம்பியுங்கள். மனசுக்குள் எண்ணுவதை நம்ப வேண்டாம், பதற்றத்தில் எல்லாரும் வேகமாகத்தான் எண்ணுகிறோம். பக்கத்து சீட்டில் ஒருவர் போனில் விநாடி பார்த்துச் சொன்னால் நிம்மதி.

டாட்ஜும் கிட்டத்தட்ட இதேதான், கணக்கு மட்டும் வேறு. முதல் சாவி ஆனில் 3 முதல் 15 விநாடி வரை. ஆஃப் செய்து உருவி, 15 விநாடிக்குள் இரண்டாவதைப் போட்டு ஆன் செய்யுங்கள். இப்போது கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். 10 விநாடி கழித்து ஒரு மணிச்சத்தம் வரும், டேஷ்போர்டில் திருட்டு எச்சரிக்கை விளக்கு மினுக்க ஆரம்பிக்கும். ஆஃப் செய்து உருவி, 60 விநாடிக்குள் புதுச் சாவியை ஆனுக்குக் கொண்டுபோங்கள். இன்னொரு 10 விநாடியில் ஒற்றை மணி அடிக்கும். விளக்கு மினுக்குவதை நிறுத்தி 3 விநாடி நிலையாக எரிந்து அணைந்தால் சாவி பதிந்துவிட்டது. இந்த வழி அமெரிக்காவில் விற்ற வண்டிகளுக்கு; கனடா வண்டி என்றால் டீலரிடம்தான்.

இரண்டு வண்டியிலும் மொத்தம் 8 சாவி வரை பதியலாம். ஒவ்வொரு புதுச் சாவிக்கும் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். இந்த விநாடிக் கணக்கு மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், அதனால் வண்டியோடு வந்த கையேட்டில் சாவி பற்றிய பக்கத்தை ஒருமுறை புரட்டிவிட்டு உட்காருங்கள். பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டிகளுக்கு இது எதுவும் பொருந்தாது.

முடிந்ததும் புதுச் சாவியை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். அதுவரை டேப்பைக் கிழிக்க வேண்டாம்.