மிட்ஃபீல்டர் எப்போது திரும்புவார்? காயச் செய்தியைப் படிக்கும் முறை

கால்பந்து ஆட்டக்காரர் ஒருவர் காயத்தில் விழுந்ததும் எல்லோரும் கேட்பது தேதியைத்தான். எந்த மேட்சுக்கு வருவார் என்பது அந்த நேரத்தில் கிளப் டாக்டருக்கே தெரியாது. அவர் இப்போது எந்தப் படியில் நிற்கிறார், அடுத்த படிக்கு ஏற என்ன தேவை என்று கேட்டுப் பழகினால், வதந்திகளில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

முதலில் காயத்தின் பெயரைச் சரியாகப் பிடியுங்கள். “முழங்கால் காயம்” என்ற செய்தியை வைத்து எதையும் கணிக்க முடியாது. ஏசிஎல் (முழங்காலின் நடுவில் எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட், அதாவது இணைப்பு நார்) கிழிந்ததா, மெனிஸ்கஸா (எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு), பக்கவாட்டு லிகமென்ட்டா என்பது தெரிய வேண்டும். மெனிஸ்கஸ் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: தைத்தார்களா, கிழிந்த ஓரத்தை வெட்டி எடுத்தார்களா? வெட்டினால் சில வாரங்களிலேயே ஓடலாம். தைத்தால் அந்தத் தையல் ஒட்டும்வரை காலில் முழு எடை போடவும் ஆழமாக மடக்கவும் விடமாட்டார்கள், மாதக் கணக்காகும். 2025 செப்டம்பரில் மிட்ஃபீல்டர் கவியின் வலது முழங்காலில் மெனிஸ்கஸைத் தைத்ததும் அவருடைய கிளப் பார்சிலோனா நான்கைந்து மாதம் என்று அறிவித்தது இதனால்தான். தையல் மெதுவான வழி, ஆனால் முழங்காலின் ஆயுளுக்கு நல்லது. இருபத்தொரு வயதுக்காரருக்கு அதுதான் சரியான முடிவு.

ஹாம்ஸ்ட்ரிங்கிலும் (பின்தொடைத் தசை) இதே கதை. தசை நாரில் சிறு கிழிசல் என்றால் இரண்டு மூன்று வாரம். தசைக்குள் ஓடும் தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நார்) தொட்டிருந்தால் அதைப்போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகும், மறுபடி கிழியும் வாய்ப்பும் கூடும். ஸ்கேன் முடிவு வரும் முன் வெளியாகும் “மூன்று வாரம்” வெறும் ஊகம்.

ஏசிஎல் அறுவை சிகிச்சைக்கு உத்தேசமான படிகள் இவை. முதல் இரண்டு வாரம் வீக்கம் வடிய வேண்டும், முழங்கால் முழுதாக நீள வேண்டும். மூன்று மாதத்தை ஒட்டி நேர்க்கோட்டில் ஓட்டம். நாலு முதல் ஆறு மாதத்துக்குள் குதித்து இறங்குவது, திசை மாற்றுவது. அதன் பிறகு பந்து, பின்னர் அணியோடு பயிற்சி. ரசிகர்கள் ஏமாறுவது மூன்றாம் மாதத்தில்தான். வலி போயிருக்கும், ஆட்டக்காரர் ஜிம்மில் சிரித்தபடி படம் போடுவார். ஆனால் லிகமென்ட் இருந்த இடத்தில் வைத்துத் தைத்த தசைநாண், உடம்பு அதை மாற்றிக் கட்டும் அந்தக் காலத்தில், முன்பு இருந்த வலுவைக்கூட இழந்திருக்கும்.

ஏசிஎல்லுக்கு ஒன்பது மாதம் கழித்தே மேட்ச் என்ற கணக்கும் சும்மா வந்ததல்ல. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்பதாம் மாதம் வரை திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறு காயத்தின் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆகவே “ஆறே மாதத்தில் வருகிறார்” என்ற செய்திக்குக் கைதட்டாதீர்கள், கவலைப்படுங்கள். மாதக் கணக்கு மட்டும் போதாது, வலுச் சோதனையும் உண்டு. காயப்பட்ட கால் மற்ற காலின் வலுவில் குறைந்தது 90 சதவீதம் எட்ட வேண்டும் என்பது வழக்கமான அளவு. இதில் ஒரு ஓட்டை: மாதக் கணக்கில் ஓடாமல் இருந்ததால் நல்ல காலும் இளைத்திருக்கும். இளைத்த காலின் 90 சதவீதம் பெரிய விஷயமில்லை. காயத்துக்கு முன் எடுத்த அளவோடு ஒப்பிடும் கிளப்பே சரியாகச் செய்கிறது.

அடுத்து, பயிற்சிப் படங்கள். ஓட்டக் காலணியா, ஸ்டட் வைத்த பூட்ஸா என்று பாருங்கள். பக்கத்தில் பிசியோ மட்டும் நின்றால் அது தனிப் பயிற்சி. சாம்பியன்ஸ் லீக் மேட்சுக்கு முந்தைய நாள் பயிற்சியில் ஊடகங்களுக்குக் காட்டுவது 15 நிமிடம்தான். அதில் வார்ம்அப்பும் ரொண்டோவும் (வட்டமாக நின்று, நடுவில் இருப்பவருக்குச் சிக்காமல் பந்தைக் கடத்தும் பயிற்சி) நடக்கும். ரொண்டோவில் நின்றதைப் பார்த்து முழுப் பயிற்சிக்கு வந்துவிட்டார் என்று முடிவுகட்டாதீர்கள். சிறு ஆட்டங்களில் தனி நிற பிப் (சட்டைக்கு மேல் போடும் கையில்லாத மேலங்கி) போட்டு இரு அணிக்கும் பொதுவாக ஆடினால், அவரை யாரும் டாக்கிள் செய்யக் கூடாது என்ற நிலை. எல்லோரையும் போல இடிபட்டு விழுந்து எழும் நாளிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். தசைக் காயத்துக்கு அதன்பின் நாலைந்து முழுப் பயிற்சி. ஏசிஎல்லுக்கு இரண்டு மூன்று வாரமாவது.

கோச் பேச்சில் வினைச்சொல்லைக் கவனியுங்கள். “நன்றாக இருக்கிறார்” என்பதில் தகவல் இல்லை. “அணியோடு பகுதி பயிற்சி செய்தார்”, “மருத்துவ அனுமதி கிடைத்தது”: இவைதான் படிகள். லீக் பதிவுப் பட்டியலில் பெயர் இருப்பது உடல் தகுதிக்குச் சான்று அல்ல. அது நிர்வாகக் கணக்கு.

முதல் வரவு பெரும்பாலும் சிறியது. கவி 2023 நவம்பர் 19 அன்று ஸ்பெயின் அணிக்காக ஜார்ஜியாவுக்கு எதிராக ஆடும்போது ஏசிஎல் கிழிந்து விழுந்து, பதினொரு மாதம் கழித்து 2024 அக்டோபர் 20 அன்று, பார்சிலோனா செவில்லாவை 5-1 என வென்ற மேட்சில் 80 நிமிடம் தாண்டிய பிறகே இறங்கினார். சொந்த மைதானம், பெரிய முன்னிலை, கடைசி நிமிடங்கள்: இந்த மூன்றும் கூடும் மேட்ச் அட்டவணையில் எங்கே வரும் என்று தேடுங்கள்.

மிட்ஃபீல்டருக்கு இதெல்லாம் ஏன் கூடுதலாகப் பொருந்தும்? விங்கருக்குக் கோட்டோரம் ஒரு பக்கம் காவல். நடுவில் நிற்பவருக்கு நாலு பக்கமும் ஆள். பின்னால் யார் வருகிறார் என்று தெரியாமலே பந்தை வாங்கி, ஒரு காலில் ஊன்றித் திரும்ப வேண்டும். ஏசிஎல்லுக்குச் சுமை ஏறுவது இந்த ஊன்றித் திரும்புதலில்தான். ஆகவே அவர் இறங்கிய பிறகு பாஸ் கணக்கைப் பார்க்காதீர்கள், அதில் எதுவும் தெரியாது. காயப்பட்ட காலை ஊன்றித் திரும்புகிறாரா, எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்புகிறாரா, வேகமாக ஓடி வந்து நிற்கும்போது இரண்டு மூன்று அடி கூடுதலாகப் போகிறாரா, 50-50 பந்தில் (இரு அணிக்கும் சம வாய்ப்புள்ள பந்து) அரை நொடி தாமதிக்கிறாரா என்று பாருங்கள். இவை சரியாவதற்கு இன்னும் சில மாதம் பிடிக்கும், அது இயல்பு.

முழங்கால் தேறியதும் ஆபத்து முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. மான்செஸ்டர் சிட்டி மிட்ஃபீல்டராக ரோட்ரி 2024 செப்டம்பர் 22 அன்று ஆர்சனலுக்கு எதிராக ஏசிஎல்லையும் மெனிஸ்கஸையும் இழந்தார். 2025 மே 20 அன்று போர்ன்மவுத்துக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் இறங்கினார். அடுத்த மாதமே கிளப் உலகக் கோப்பை. அங்கே அல் ஹிலால் மேட்ச் தொடை இடுக்குக் காயத்தில் முடிந்தது. அக்டோபர் 5 அன்று பிரென்ட்ஃபோர்டில் 22ஆம் நிமிடத்தில் ஹாம்ஸ்ட்ரிங்கால் வெளியேறினார். நீண்ட ஓய்வுக்குப் பின் மேட்ச் சுமை திடீரென்று ஏறும்போது இடுக்குத் தசையும் பின்தொடையும் எளிதில் மாட்டிக்கொள்ளும். ஹாம்ஸ்ட்ரிங் மறு காயங்களில் பெரும்பாலானவை திரும்பிய இரண்டு மாதத்துக்குள் வருபவை.

எனவே திரும்பிய பிறகும் நிமிடக் கணக்கு வையுங்கள்: 15, 30, 60, பிறகு 90. அறுபது ஆடியவரை மூன்றே நாளில் மறுபடி முதல் பதினொன்றில் போட்டால், அந்த மேட்சின் கடைசி அரை மணியில் அவர் ஓட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். அடுத்த காயச் செய்தி வருமா என்பதற்கு அங்கேதான் குறிப்பு கிடைக்கும்.