பலாப்பழம் தின்றால் சர்க்கரை நோய் போகுமா? ‘ஆய்வு’ செய்திகளைச் சோதிக்க ஒரு வழி

சித்திரை பிறந்து பண்ருட்டிப் பலா வரத்து ஆரம்பித்ததும், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் மருந்துக்கடைக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியும் தவறாமல் வந்துவிடும். “பலாப்பழம் சாப்பிட்டால் சர்க்கரை நோய் குணமாகும், ஆய்வில் நிரூபணம்.” கூடவே மஞ்சள் மஞ்சளாகப் பழுத்த சுளையின் படம். போன சீசனில் ஒரு பெரியவர் பிரிக்காத மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய்க்கான மாத்திரை) அட்டைகளைக் கொண்டுவந்து, “இத திருப்பி எடுத்துக்கம்மா, எனக்கு இனிமே வேணாம்” என்றார். “ஐயா, பத்து நிமிஷம் உட்காருங்க” என்று ஸ்டூலைப் போட்டேன். அவர் போனை வைத்தே அந்தச் செய்தியை இருவரும் சோதித்துப் பார்த்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொழுப்பு, முடி உதிர்தல், மூட்டுவலி என்று எதைப் பற்றி ‘ஆய்வு’ வந்தாலும் இதே வழிதான்.

எடுத்த எடுப்பில் உண்மையா பொய்யா என்று கேட்டால் பதில் கிடைக்காது. இப்படிப்பட்ட செய்திகளில் பாதி உண்மை இருக்கும். எந்த ஆய்வு, யாரிடம் நடந்தது, எத்தனை பேர் என்று கேளுங்கள். செய்தியில் ஊர், வருடம், இதழ் எதுவும் இல்லையென்றால் நாமே தேட வேண்டும். பப்மெட் என்று ஒரு தளம் இருக்கிறது. அமெரிக்க அரசின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது, காசு கிடையாது. பொருளின் ஆங்கிலப் பெயரையும் நோயின் பெயரையும் போட்டால் ஆய்வுகளின் சுருக்கம் வரும். ஆங்கிலம் வராதென்றால் அந்தச் சுருக்கத்தைக் கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஒட்டுங்கள். தமிழ் கொஞ்சம் கரடுமுரடாக வந்தாலும், எத்தனை பேர், எத்தனை வாரம் என்பதைப் புரிந்துகொள்ளலாம். இப்போது கூகுளில் எதைத் தேடினாலும் மேலே ஏஐ எழுதிய பதில் ஒன்று வருகிறது. அதோடு நின்றுவிடாமல், பக்கத்தில் இருக்கும் சுட்டியைத் தொட்டு மூலத்துக்குப் போங்கள்.

பலா விஷயத்தில் ஆய்வு நிஜமாகவே இருக்கிறது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்தில் நடந்தது, 2021இல் ‘நியூட்ரிஷன் அண்ட் டயாபெடிஸ்’ இதழில் வந்தது. சர்க்கரை நோயாளிகள் 40 பேர். பாதிப் பேருக்கு 12 வாரம், தினம் 30 கிராம் பலாக்காய் மாவு, அரிசி அல்லது கோதுமைக்குப் பதிலாக. மீதிப் பேருக்கு வேறு மாவு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, பலாக்காய் மாவு சாப்பிட்டவர்களுக்குக் குறைந்திருக்கிறது.

இனி இதையும் ஃபார்வர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆய்வில் கொடுத்தது பழுக்காத காயின் மாவு. ஃபார்வர்டில் இருப்பது பழுத்த சுளை, தித்திப்பு ஏறியது. ஆய்வில் சோற்றுக்கும் கோதுமைக்கும் பதிலாக மாவு. நம் வீட்டில் சோறும் தின்று, மேலே நாலு சுளையும் தின்போம். ஆய்வில் கலந்துகொண்டவர்கள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர்கள். குறைந்த அளவும் சராசரியாகக் கால் புள்ளிதான்: 8 இருந்தவருக்கு 7.75 ஆகும். ‘குணமாகும்’ என்பதற்கு அதில் இடமே இல்லை. இன்னொன்று: கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் பலாக்காய் மாவு விற்கும் நிறுவனத்தைத் தொடங்கியவர். அதற்காக ஆய்வைத் தூக்கிப் போட வேண்டாம். மாவு விற்காத ஒருவர், இன்னும் நிறையப் பேரை வைத்து, நீண்ட நாள் செய்து பார்க்கும்வரை இதை ஒரு நல்ல தொடக்கம் என்று வைத்துக்கொள்வதே நியாயம்.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்போ காய் பொரியல் சாப்பிடலாம்ல?” என்றார். தாராளமாக, சோற்றைக் குறைத்துக்கொண்டு, மாத்திரையோடு என்றேன். அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

எத்தனை பேர் என்று பார்த்த பிறகு, கணக்கில் யாரை விட்டுவிட்டார்கள் என்றும் பாருங்கள். இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது 2020. அந்த மார்ச்சில் பிரான்சில் இருந்து ஒரு சின்ன ஆய்வு வந்தது. கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் நல்ல பலன் தருகிறது என்றது. சேர்த்தது மொத்தம் 42 பேர். மாத்திரை கொடுக்கத் தொடங்கியது 26 பேருக்கு, கடைசியில் கணக்கில் வந்தது 20 பேர். விடுபட்ட 6 பேரில் 3 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள், ஒருவர் இறந்துபோனவர், ஒருவர் குமட்டல் தாங்காமல் மாத்திரையை நிறுத்தியவர். இவ்வளவும் அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருந்தது. ஆனால் போனில் பறந்தது தலைப்பு மட்டும். என் கடையில் முடக்குவாதத்துக்கு வருடக்கணக்கில் அதே மாத்திரை வாங்கும் பெண்களுக்குக் கொடுக்க ஸ்டாக் இல்லாமல் நின்றேன். விரல் மூட்டு வீங்கிய கையை நீட்டிக் காட்டி “ஒரு அட்டையாவது இருக்கா?” என்று கேட்டவர்களுக்கு என்ன சொல்வது? 2024 டிசம்பரில், அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. திரும்பப் பெற்ற கட்டுரைகளுக்குப் பப்மெட்டில் எச்சரிக்கைப் பட்டை இருக்கும். படிக்கும் முன் அதைப் பாருங்கள்.

விட்டுவிட்ட கணக்கு மருத்துவத்தில் மட்டும் இல்லை. வீடியோக்களைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று ஃபேஸ்புக் விளம்பரக்காரர்களுக்கு ஓர் எண் கொடுத்துவந்தது. 3 வினாடிக்குள் தள்ளிவிட்டுப் போனவர்களைச் சேர்க்காமல் அந்தச் சராசரியைப் போட்டிருந்தார்கள். இரண்டு வருடம் எண் ஊதிப்போய் இருந்ததை 2016இல் நிறுவனமே ஒத்துக்கொண்டது. ஆகவே ‘பத்து லட்சம் பேர் பார்த்தது’ என்பதை ஆதாரமாக எடுக்க வேண்டாம். எதைப் ‘பார்த்தது’ என்று எண்ணினார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, அந்தச் செய்தி நம் போனுக்கு ஏன் வந்தது? வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அனுப்பிய அத்தைக்கோ சித்தப்பாவுக்கோ மூலம் எதுவென்று தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். பரவும் வேகத்தைக் குறைக்க நிறுவனமே போட்ட தடை அது.

ஃபேஸ்புக்கில் வருவது வேறு கதை. 2023இல் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்கு வந்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 97க்கு மேல் விளம்பரத்தில் வந்தது. சர்க்கரை பற்றி நாலு வீடியோ பார்த்தவருக்குச் சர்க்கரையைக் குறைக்கும் பொடி என்று விளம்பரம் வருவது தற்செயல் இல்லை. விளம்பரத்தின் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டால், இது உங்களுக்கு ஏன் காட்டப்படுகிறது என்று ஒரு வரி இருக்கும். அப்புறம் அந்தப் பக்கத்துக்குள் போய், பக்கத்தைப் பற்றிய விவரத்தில் பழைய பெயர்களைப் பாருங்கள். என் தங்கைக்கு வந்த ஒரு பொடி விளம்பரத்தை அப்படித் திறந்தோம். ‘டாக்டர்’ என்று பெயர் வைத்திருந்த அந்தப் பக்கம், அதற்கு முன்பு சினிமா மீம்ஸ் போடும் பக்கமாக இருந்திருக்கிறது. மெட்டாவின் விளம்பர நூலகத்தில் பக்கத்தின் பெயரைப் போட்டால், இப்போது ஓடும் எல்லா விளம்பரமும், எந்தத் தேதியில் இருந்து ஓடுகிறது என்பதும் வரும். கணக்கு இல்லாதவர்களும் பார்க்கலாம். சர்க்கரை நோயைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் வருடச் சட்டப்படி குற்றம் என்பதையும் மனதில் வையுங்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் எங்களுக்கு இது பாலபாடம்.

புயல், வெள்ள வீடியோக்களுக்குப் பெரிய சோதனை தேவையில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அடுத்து சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் வந்தபோது, “கடலூர் இப்போது” என்று எனக்கு வந்த ஒரு வீடியோவில் கடை போர்டெல்லாம் மலையாளத்தில் இருந்தது. போர்டு, பஸ், வண்டி நம்பர் இவற்றைப் பாருங்கள். ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போடுங்கள்.

சோதித்த பிறகு குரூப்பில் எழுதுவதிலும் ஒரு பக்குவம் வேண்டும். “பொய்யைப் பரப்பாதீங்க” என்று நாலு பேர் முன்னால் சொன்னால் பெரியவர்களுக்குச் சுருக்கென்று இருக்கும். மறுபடி அனுப்பும்போது உங்களை மட்டும் விட்டுவிட்டு அனுப்புவார்கள். நான் இப்படி எழுதுவேன், வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: “அத்தை, அந்த ஆய்வைப் பார்த்தேன். அது பலாக்காய் மாவு, பழம் இல்லை. 40 பேர்தான், அவங்களும் மாத்திரையை நிறுத்தல. மாமா மாத்திரையை விடாம பாத்துக்குங்க. அடுத்த எச்பிஏ1சி டெஸ்ட் எப்போ?”