ஒஹாயோ ஸ்டேடியத்துக்கு முதன்முறை செல்லும் மிச்சிகன் ரசிகருக்குப் படிப்படியான வழிகாட்டி

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் எத்தனையோ பரம்பரைப் போட்டிகள் இருந்தாலும், மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகமும் மோதும் ஆட்டத்தை ரசிகர்கள் வேறு அடைமொழியின்றி ‘தி கேம்’ என்றே சொல்கிறார்கள். 1897இல் தொடங்கிய இந்தப் போட்டி இப்போது ஆண்டுதோறும் தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை நடக்கிறது. ஒற்றைப்படை ஆண்டு என்றால் மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரில், இரட்டைப்படை ஆண்டு என்றால் ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில். படிப்புக்கோ வேலைக்கோ மிச்சிகன் வந்து, நீலமும் சோளமஞ்சளும் அணிந்து பழகி, இப்போது கொலம்பஸுக்கே போய் ஆட்டத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எதிரணியின் அரங்கில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் இந்த ஆட்டம் முழுமையாகப் புரியும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அங்கே நாம் விருந்தாளிகள். டிக்கெட் வாங்குவதிலிருந்து வண்டியைத் திருப்புவது வரை ஒவ்வொரு படியிலும் அந்த நினைவு இருக்க வேண்டும்.

படி 1: எந்த இருக்கை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

டிக்கெட் இரண்டு வழிகளில் கிடைக்கும். வருகை அணியின் ரசிகர்களுக்கென ஒதுக்கப்படும் டிக்கெட்டுகளை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிக்கெட் அலுவலகமே விற்கும். அதில் நன்கொடையாளர்களுக்கும் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கும் முன்னுரிமை உண்டு. அங்கே கிடைக்காவிட்டால் ஸ்டப்ஹப், சீட்கீக் போன்ற மறுவிற்பனைத் தளங்கள்தான் வழி. முதன்முறை செல்பவர்கள் முடிந்தவரை முதல் வழியிலேயே முயல வேண்டும் என்பேன். சுற்றிலும் நம் நிறத்தில் ஆட்கள் இருந்தால் ஆட்டத்தில் மனம் நிற்கும். பக்கத்து வரிசை என்ன சொல்லுமோ என்ற கவலை இருக்காது.

மறுவிற்பனையில் வாங்குவதானால், பணம் கட்டுவதற்கு முன் அரங்கின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். 1922இல் திறக்கப்பட்ட ஒஹாயோ ஸ்டேடியம் குதிரை லாட வடிவில் கட்டப்பட்டது. அதனால்தான் அதற்கு ‘ஹார்ஸ்ஷூ’ என்று பெயர். உள்ளூர்க்காரர்கள் ‘தி ஷூ’ என்று சுருக்கிவிடுவார்கள். லாடத்தின் வளைவு வடக்கே இருக்கிறது. திறந்திருந்த தெற்கு முனையில் இப்போது நிரந்தரமான தெற்கு ஸ்டாண்ட் உள்ளது. அது ஒஹாயோ மாணவர்களின் கோட்டை. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அங்கே வாங்க வேண்டாம்.

பக்கவாட்டு இருக்கைகள் கீழிருந்து மேலாக ஏ, பி, சி என மூன்று அடுக்குகளாக இருக்கின்றன. களத்தை ஒட்டி ‘ஏஏ’ என்று ஒரு பகுதியும் உண்டு. ஏ அடுக்கில் ஆட்டக்காரர்கள் நெருக்கமாகத் தெரிவார்கள். சி அடுக்கு மிக உயரம், காற்றும் அதிகம். ஆனால் 22 பேரும் எப்படி நகர்கிறார்கள் என்பது அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும். ஆட்டத்தைப் புதிதாகக் கற்பவர் சி அடுக்கில் உட்கார்ந்தால் நிறையப் புரிந்துகொள்வார். பி அடுக்கின்மீது சி அடுக்கு கூரைபோல் நீண்டிருப்பதால் மழையும் பனியும் அவ்வளவாக விழாது. அதற்கு விலையாக, பின் வரிசைகளில் இருப்பவர்களுக்கு உயரமாக உதைக்கப்படும் பந்து நடுவானில் பார்வையிலிருந்து மறைந்துவிடும், ஸ்கோர்போர்டும் முழுதாகத் தெரியாது. பி அடுக்கில் வாங்கினால் முன் வரிசைகளைப் பாருங்கள்.

இருக்கை வாங்கும்போது பலரும் யோசிக்காத ஒன்று வெயில். நவம்பர் இறுதியில், நண்பகலில் ஆட்டம் தொடங்கும்போது சூரியன் தெற்கே தாழ்வாக நிற்கும். நேரம் போகப் போக மேற்கே சாயும். கிழக்கு ஸ்டாண்டில் இருப்பவர்களுக்கு முகத்தில் வெயில் படும். மேற்கு ஸ்டாண்டோ தன் நிழலுக்குள்ளேயே போய்விடும். செப்டம்பரில் கிழக்குப் பக்கத்தைத் தவிர்க்கச் சொல்வார்கள். இந்த ஆட்டத்துக்கு நான் கிழக்கையே பரிந்துரைப்பேன். கண்ணை உறுத்தும் வெளிச்சத்தை ஒரு தொப்பி சமாளித்துவிடும், மூன்றரை மணி நேரக் குளிரைச் சமாளிப்பது எளிதல்ல.

டிக்கெட் கைப்பேசியில்தான் வரும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் போக வேண்டாம். 1,02,780 பேர் அமரும் அரங்கின் வாசலில் இணைய இணைப்பு திணறும் என்பதால், முந்தைய இரவே டிக்கெட்டைக் கைப்பேசியின் வாலட்டில் சேமித்து, பேட்டரியையும் முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

படி 2: உடையும் பையும்

நம் நிறத்தை அணியலாமா என்று புதியவர்கள் எல்லோரும் கேட்பார்கள். தாராளமாக அணியுங்கள். நிறத்தை மறைத்துக்கொண்டு போய் உட்காருவதில் எந்த மகிழ்ச்சியும் இல்லை. மிச்சிகன் தொப்பி அணிந்தவரோடு பேச்சுக் கொடுக்க உள்ளூர் ரசிகர்களுக்கும் ஆர்வம் இருக்கும். ஒஹாயோவை இழிவுபடுத்தும் வாசகங்கள் அச்சிட்ட சட்டைகளை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கனமான கோட்டுக்குள் எந்தச் சட்டை இருக்கிறது என்பது எப்படியும் தெரியாது. வெளியே தெரிவது தொப்பியும் மஃப்ளரும்தான், அவற்றில் நிறம் இருந்தால் போதும்.

குளிரை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருக்கை என்பது எண் எழுதிய நீளமான பெஞ்சில் ஏறத்தாழ ஒன்றரை அடி இடம்தான். எல்லோரும் தடித்த கோட்டில் வரும்போது அந்த ஒன்றரை அடியும் சுருங்கிவிடும் என்பதால், ஒரே தடித்த கோட்டைவிட ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய கம்பளி உடைகள் அணிவது நல்லது. பாதத்தை வாட்டுவது காற்றைவிடக் கீழே உள்ள கான்கிரீட்தான். சட்டைப்பையில் மடித்து வைக்கக்கூடிய ஓர் அட்டைத் துண்டை எடுத்துச் சென்று, ஷூவுக்கு அடியில் விரித்து அதன்மேல் நில்லுங்கள். இரண்டாம் பாதியில் அக்கம்பக்கத்தவர் கால்களை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருக்கும்போது அதன் பயன் தெரியும்.

பை கொண்டுபோவதானால் உள்ளே இருப்பது வெளியே தெரியும் ஒளிபுகும் பையாக இருக்க வேண்டும். அளவு 12க்கு 6க்கு 12 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தோளில் மாட்டும் வழக்கமான பைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அரங்கின் விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை, ஆகவே கிளம்பும் வாரத்தில் ஒஹாயோ ஸ்டேட்டின் அதிகாரபூர்வத் தளத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

படி 3: போய்ச் சேருவது

ஆன் ஆர்பரிலிருந்து கொலம்பஸ் ஏறத்தாழ 190 மைல். மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். யூ.எஸ். 23 நெடுஞ்சாலை இரண்டு நகரங்களையும் தொடுகிறது. டொலீடோவிலிருந்து ஐ-75இல் ஃபின்ட்லி வரை போய், அங்கிருந்து 15ஆம் எண் சாலை வழியாக மீண்டும் யூ.எஸ். 23இல் சேர்ந்து தெற்கே இறங்கினால் போதும். ஆட்டம் வழக்கமாக நண்பகல் 12 மணிக்குத் தொடங்குவதால், காலையில் கிளம்புவதைவிட வெள்ளிக்கிழமை இரவே போய்த் தங்குவது நல்லது. கொலம்பஸுக்குப் பயணிகள் ரயில் கிடையாது, நகருக்குள் மெட்ரோவும் கிடையாது. ஹை ஸ்ட்ரீட்டில் ஓடும் ‘கோட்டா’ எனப்படும் நகரப் பேருந்தைப் பிடித்து வளாகத்தின் கிழக்கு எல்லையில் இறங்கி நடப்பது எளிது. காரில் வருபவர்கள் பார்க்கிங்கை முன்கூட்டியே பணம் கட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அரங்குக்கு வடக்கே உள்ள லேன் அவென்யூ ஆட்டநாளில் மனிதர்களால் நிரம்பிவிடும்; அந்தத் தெருவை நம்பி வண்டியை ஓட்ட வேண்டாம்.

படி 4: ஆட்டத்துக்கு முந்தைய மூன்று மணி நேரம்

வளாகத்துக்குள் நுழைந்ததும் கட்டடப் பெயர்ப்பலகைகளை உற்றுப் பாருங்கள். எம் என்ற ஆங்கில எழுத்து எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி ஒட்டியிருப்பார்கள். மிச்சிகன் என்ற பெயரைக்கூட உச்சரிக்காமல் ‘வடக்கே இருக்கும் அந்த அணி’ என்றுதான் சொல்வார்கள். நம்மை இவ்வளவு பொருட்படுத்தும் ஊர் வேறு எங்கும் இல்லை. படம் எடுத்துக்கொள்ளுங்கள், டேப்பைப் பிய்க்க மட்டும் கை வைக்காதீர்கள்.

வாகன நிறுத்தங்களில் டெயில்கேட் நடக்கும். கார்களின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, சமைத்து, கூடிச் சாப்பிடும் வழக்கம் அது. யாராவது அழைத்தால் போங்கள்; ஓரிரு கேலிகளுக்குப் பின் தட்டு கைக்கு வந்துவிடும். நீங்களாக ஒரு கூடாரத்துக்குள் நுழைவது மட்டும் கூடாது. பொதுத் தெருவில் திறந்த மதுப் புட்டியோடு நடப்பது ஒஹாயோ சட்டப்படி குற்றம்; 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது அறவே கூடாது. வெளியூர் நிறத்தில் இருப்பவர் நிதானம் இழந்தால் அன்றைய நாள் அத்தோடு முடிந்துவிடும்.

அதன்பின் ஒஹாயோவின் அணிவகுப்பு இசைக்குழுவைப் பாருங்கள். பித்தளைக் கருவிகளும் தாளக்கருவிகளும் மட்டுமே கொண்ட குழு அது. ஆட்டத்துக்கு முன் ‘ஸ்கல் செஷன்’ என்று பொதுமக்கள் பார்க்கும்படி ஓர் ஒத்திகை நடத்துவது அவர்களின் நீண்டகால வழக்கம். கிக்-ஆஃபுக்கு அரை மணி நேரம் முன்பாவது இருக்கையில் அமர்ந்துவிடுங்கள், ஏனென்றால் குழு களத்துக்குள் ஓடிவரும் காட்சி நேரில் மட்டுமே கிடைக்கும். ‘ஸ்கிரிப்ட் ஒஹாயோ’ அணிவகுப்பில் வாத்தியக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக நடந்தே ஒஹாயோ என்ற சொல்லைக் களத்தில் எழுதுகிறார்கள். கடைசியில் ஒரு சூசஃபோன் (உடலைச் சுற்றி மாட்டி ஊதும் பெரிய பித்தளைக் கருவி) கலைஞர் தனியாக நிமிர்ந்த நடையில் வந்து, ஐ எழுத்தின் புள்ளியில் நின்று, தொப்பியைக் கழற்றி அரங்கின் இரு பக்கமும் வணங்குவார். ‘ஸ்கிரிப்ட் ஒஹாயோ’ 1936 முதல் நடந்துவரும் மரபு. அந்த நேரத்தில் கூச்சலிடாதீர்கள். எதிரணியின் மரபுதான் என்றாலும், எழுந்து நின்று கைதட்டத் தகுந்தது.

படி 5: இருக்கையில் நடந்துகொள்ளும் முறை

கல்லூரி ஃபுட்பாலில் கூச்சலுக்கு ஒரு வேலை இருக்கிறது. புதியவர்கள் அதைப் புரிந்துகொண்டால் எப்போது கத்துவது, எப்போது வாயை மூடுவது என்பது தானாக விளங்கிவிடும். பந்தை வைத்திருக்கும் அணியின் குவார்ட்டர்பேக், ஆட்டத்தைத் தொடங்கும் சைகையைக் குரலாலும் கைத்தட்டலாலும் தன் ஆட்களுக்குத் தருகிறார். அது கேட்காமல் ஒருவர் முன்கூட்டியே அசைந்துவிட்டால் 5 கெஜம் தண்டனை. 2024 முதல் தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளரின் குரல் ஒரே ஓர் ஆட்டக்காரருக்குக் கேட்கும்படி அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் அடுத்த நகர்வைத் தொடங்க எஞ்சியுள்ள நேரத்தைக் காட்டும் ‘ப்ளே கிளாக்’கில் 15 வினாடி எஞ்சும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்படும். அதற்குப் பின் களத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் நம்பித்தான் ஆட வேண்டும். அதனால்தான் மிச்சிகனிடம் பந்து இருக்கும்போது, அதிலும் மூன்றாவது டவுனில் (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்), ஒரு லட்சம் பேரும் சேர்ந்து முழங்குவார்கள். அப்போது நாம் அமைதியாக இருக்க வேண்டும். நாமும் சேர்ந்து கத்தினால் நம் அணிக்கே கேடு. ஒஹாயோவிடம் பந்து போனதும் அரங்கம் அடங்கும்; நம் தடுப்பாட்டக்காரர்களுக்காகக் குரல் கொடுக்க அதுதான் நேரம்.

நல்ல ஆட்டம் நிகழ்ந்தால் மகிழ்ச்சியைக் காட்டுங்கள். டச்டவுனுக்கு எழுந்து கைதட்டலாம், ‘கோ ப்ளூ’ என்று சொல்லலாம். முன் வரிசைக்காரரின் காதருகே கத்துவது, அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பது, வீரர் யாராவது அடிபட்டுக் கிடக்கும்போது ஆரவாரம் செய்வது ஆகியவை எந்த அரங்கிலும் தகாதவை. ஒரு பக்கம் ‘ஓ’ என்று முழங்க, அடுத்த பக்கம் ‘ஹெச்’ என்று தொடர, ஒஹாயோவின் நான்கு எழுத்துகளும் அரங்கைச் சுற்றிவரும். அதில் சேர வேண்டியதில்லை, கெடுக்கவும் வேண்டாம்.

கேலிக்கு எப்படிப் பதில் சொல்வது? பெரும்பாலான கேலி நட்பானது; ஆட்டத்தைப் பற்றி ஒரு கேள்வியாகத் திருப்பிக் கேட்டால் உரையாடலாகிவிடும். “உங்கள் தடுப்பாட்டத்தை எப்படி உடைப்பது என்றே தெரியவில்லை” என்று உண்மையாகப் பாராட்டினால், அடுத்த கால் மணி நேரம் அவரே உங்களுக்கு ஒஹாயோவின் ஆட்ட உத்தியை விளக்குவார். கேலி வசையாக மாறினாலோ, யாராவது பொருளை வீசினாலோ பதில் பேசாமல் எழுந்து, ‘ரெட்கோட்’ எனப்படும் சிவப்புக் கோட்டு அணிந்த அரங்க உதவியாளரிடம் போய் வரிசை எண்ணோடு சொல்லுங்கள். குழந்தைகளோடு வருபவர்கள் இந்த எல்லையை இன்னும் முன்னதாகவே வகுத்துக்கொள்வது நல்லது.

படி 6: வெளியே வருவது

மிச்சிகன் தோற்றால் அரங்கின் கோபுரத்தில் வெற்றி மணி ஒலிக்கும். பக்கத்து இருக்கைக்காரரின் கையைக் குலுக்கிவிட்டுக் கிளம்புங்கள். வென்றால்தான் கூடுதல் கவனம் வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று மிச்சிகன் 13–10 என வென்றதும், வீரர்கள் சிலர் களத்தின் நடுவில் கொடியை நட முயன்றார்கள். கைகலப்பு மூண்டு, போலீஸார் மிளகுத் தெளிப்பானைப் பயன்படுத்தும் அளவுக்குப் போனது. இரு அணிகளும் ஆடும் பிக் டென் கூட்டமைப்பு இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1,00,000 டாலர் அபராதம் விதித்தது. ஆட்டம் முடிந்ததும் களத்தின் பக்கம் போகாதீர்கள். இருக்கையிலேயே இருபது, முப்பது நிமிடம் அமர்ந்து கூட்டம் குறையட்டும். நடக்கும்போது கொண்டாட்ட முழக்கங்கள் வேண்டாம். அவற்றை வண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

வாகன நிறுத்தத்திலிருந்து வெளியேறும்போது, வரைபடச் செயலி வேறு வழி காட்டினாலும் போலீஸார் திருப்பிவிடும் திசையிலேயே செல்லுங்கள். சில சாலைகளை அந்நேரம் ஒருவழியாக மாற்றியிருப்பார்கள். அரங்குக்கு மேற்கே, ஒலென்டாஞ்சி ஆற்றைத் தாண்டியதும் வரும் 315ஆம் எண் சாலையில் வடக்கு நோக்கி ஏறினால், நகரத்தின் சுற்றுச்சாலையைக் கடந்து யூ.எஸ். 23க்குப் போய்விடலாம். பெட்ரோல் போடுவதையும் சாப்பிடுவதையும் டெலவேர் ஊரைத் தாண்டிய பிறகு வைத்துக்கொண்டால் வரிசையில் நிற்கும் நேரம் குறையும்.