கன்னியாகுமரி – காஷ்மீர் சைக்கிள் பயணம்: பேப்பர் போடும் முன்பே தொடங்கும் தவறுகள்

கன்னியாகுமரி முதல் ஸ்ரீநகர் வரை என்.எச். 44 வழியாகச் சுமார் 3,700 கி.மீ. நாளுக்கு 80 கி.மீ., வாரம் ஒருநாள் ஓய்வு என்று கணக்குப் போட்டால் 54 நாள். ரிப்பேர், மழை, வயிற்றுக்கோளாறு ஆகியவற்றுக்கு ஒரு வாரம் கூட்டினால் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்துக்காக வேலையையே விடத்தான் வேண்டுமா என்று விசாரிக்காமல் பேப்பர் போடுகிறவர்கள், அதாவது ராஜினாமா செய்கிறவர்கள், நிறையப் பேர். சம்பளமில்லா நீண்ட விடுப்புக்குப் பல கம்பெனிகளில் விதி உண்டு, யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான். முதலில் எச்.ஆர். பாலிசியைப் படித்துவிட்டு, பிறகு மேனேஜரிடம் பேசுங்கள். "பார்த்துக்கலாம்ப்பா" என்ற வாய்வார்த்தையை நம்பித் தேதி குறிக்க வேண்டாம். அனுமதி மெயிலில் வர வேண்டும்.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணாதது

விடுப்பு கிடைக்காது, விலகித்தான் ஆக வேண்டும் என்றால், நாள்காட்டியில் முதலில் குறிக்க வேண்டியது கிளம்பும் நாளை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று சைக்கிளைச் சாலையோரத்துக்குத் தள்ளும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை. டிசம்பர், ஜனவரியில் உத்தரப் பிரதேசம், ஹரியானா, பஞ்சாபில் மூடுபனி இறங்கினால் காலையில் பின்னால் வரும் லாரிக்கு சைக்கிள் தெரியாது. ஏப்ரல், மேயில் நாக்பூர், ஜான்சிப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்.

இத்தனையும் கழித்தால் வடக்கு நோக்கிப் போக நல்ல நாள் பிப்ரவரி தொடக்கம். பிப்ரவரி கடைசியில் நாக்பூர், மார்ச் நடுவில் டெல்லி, மார்ச் முடியும்போது காஷ்மீர். ஜம்முவுக்கு மேலே ராம்பன் பகுதியில் மழை பெய்தால் மண் சரிந்து சாலை மூடிவிடும். அதற்கென்றே மூன்று நான்கு நாள் கையிருப்பு வேண்டும்.

பிப்ரவரி 1-ல் கிளம்ப, ஜனவரி முதல் வாரத்துக்குள் கடைசி வேலைநாள் முடிந்திருக்க வேண்டும். நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் ராஜினாமாக் கடிதம் அக்டோபர் முதல் வாரத்திலேயே போயிருக்க வேண்டும். தீபாவளி போனஸ் வரட்டும் என்று நவம்பர் நடுவில் கொடுத்தால், பிப்ரவரி நடுவில் ரிலீவ் ஆகி மார்ச் நடுவில்தான் பெடல் மிதிக்க முடியும். சரியாக ஏப்ரல் வெயிலில் மத்திய இந்தியா. நோட்டீஸ் காலத்தில் லீவு எடுத்தால் அத்தனை நாளைக் கடைசித் தேதியோடு சேர்த்துவிடும் கம்பெனிகளும் உண்டு. ஒத்திகைப் பயணங்களை வார இறுதியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த மறுநாளே கிளம்பவும் கூடாது. நான்கு வார இடைவெளியில் ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ் இரண்டையும் கையில் வாங்கிவிட வேண்டும். இறுதி செட்டில்மெண்ட் பணம் வரத் தாமதமாகலாம் என்பதால் அதைப் பயணச் செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். பி.எஃப். பணத்தையும் தொட வேண்டாம். தொடர்ச்சியான சர்வீஸ் 5 வருடம் ஆகாமல் எடுத்தால் வரி விழும்.

5 வருடம் நிறைய இன்னும் சில மாதமே இருக்கிறதா? அப்படியானால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே லாபம். 5 வருடம் நிறைந்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) கிடைக்கும். அதற்குக் கணக்கு, கடைசி அடிப்படைச் சம்பளம் × 15 ÷ 26 × சர்வீஸ் வருடங்கள். அடிப்படைச் சம்பளம் (பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 40,000 என்றால் 5 வருடத்துக்குச் சுமார் 1,15,000 ரூபாய். சிக்கனமான லாட்ஜ், தாபா சாப்பாடு என்று நாளுக்கு 1,500 ரூபாய் வைத்தாலும் முழுப் பயணமும் அந்தப் பணத்தில் முடிந்துவிடும்.

கம்பெனியோடு சேர்ந்து போய்விடுபவை

கம்பெனி எடுத்துத் தரும் குரூப் மெடிக்ளெய்ம் (மருத்துவக் காப்பீடு) பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு தனி பாலிசி எடுத்தால் முதல் 30 நாள் நோய்க்கான சிகிச்சை கவர் ஆகாது, விபத்துக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே உண்டு. நோட்டீஸ் காலத்திலேயே எடுத்துவிட்டால் அந்த 30 நாளும் வீட்டிலேயே கழிந்துவிடும். கூடவே தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று எடுங்கள். எலும்பு முறிந்து வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கும் பணம் தருகிற வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்து சிம். மற்ற மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு செய்யும். கம்பெனி கொடுத்த போஸ்ட்பெய்டு எண்ணை வைத்திருந்து, அதையே ஆதார், வங்கி, பி.எஃப். எல்லாவற்றிலும் பதிந்திருந்தால் சிக்கல் இரட்டிப்பு. எண் போனதும் ஓ.டி.பி.யும் போய்விடும். விலகும் முன்பே அந்த எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றி போஸ்ட்பெய்டாகவே வைத்துக்கொள்ளுங்கள். சம்பளக் கணக்கில் சில மாதம் சம்பளம் வரவில்லை என்றால் வங்கி அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடலாம், குறைந்தபட்ச இருப்பு இல்லையென்றால் சில வங்கிகள் அபராதமும் பிடிக்கும்.

காஷ்மீர் வரை போகப் பணம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதும் தவறுதான். திரும்பி வந்து வேலை கிடைக்கும்வரை வாடகையும் இ.எம்.ஐ.யும் ஓட ஆறு மாதச் செலவைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

சைக்கிளில் தவறான இடத்தில் செலவழிப்பது

கையில் காசு இருக்கும்போதே என்று லட்ச ரூபாய் ரோடு பைக் (வேகமாக ஓட்டுவதற்கான மெல்லிய டயர் சைக்கிள்) வாங்குவார்கள். அதில் கேரியர் மாட்ட ஃப்ரேமில் பெரும்பாலும் திருகு ஓட்டை இருக்காது, அகலமான டயரும் நுழையாது. மூட்டையை முதுகில் சுமந்தால் நான்காம் நாளே மணிக்கட்டும் உட்காருமிடமும் சொல்லிவிடும். கேரியர் மாட்ட வசதியுள்ள ஹைப்ரிட் (ரோடு பைக்குக்கும் மலை சைக்கிளுக்கும் இடைப்பட்ட வகை), 35 மி.மீ. டயர், ஒவ்வொரு சக்கரத்திலும் குறைந்தது 32 ஸ்போக்ஸ், பின்னால் இரண்டு பக்கமும் தொங்கும் பேனியர் பை, மொத்தச் சுமை 12 கிலோவுக்குள். இவ்வளவு போதும்.

ஸ்போக்ஸ் உடைவது பெரும்பாலும் பின்சக்கரத்தில், கியர் பல்சக்கரம் இருக்கிற பக்கம். அந்தப் பக்கக் கம்பிகளில் இழுவிசை அதிகம், சுமையும் பின்னால்தான். மாற்ற வேண்டுமென்றால் பல்சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். அதற்கான டூல் நெடுஞ்சாலைக் கடைகளில் கிடைப்பது அரிது. அந்த டூல், அதே நீளத்தில் நான்கு கம்பி, கோட்டம் எடுக்க ஸ்போக்ஸ் சாவி மூன்றும் பையில் இருக்கட்டும். கிளம்பும் முன் ஒருமுறையாவது கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே மாற்றிப் பாருங்கள்.

பலரும் மறப்பது டீரெய்லர் ஹேங்கர். பின்கியரை ஃப்ரேமோடு இணைக்கும் சின்ன அலுமினியத் துண்டு. சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் ஃப்ரேமைக் காப்பாற்ற முதலில் வளைவது இதுதான். மாடலுக்கு மாடல் வடிவம் மாறும், ஆதிலாபாத்தில் போய்த் தேட முடியாது. சைக்கிள் வாங்கும்போதே இரண்டு வாங்கிவிடுங்கள். உதிரியாக ஒரு கியர் கேபிள், செயின் இணைப்பு, மூன்று டியூப். 8 ஸ்பீடு (பின்னால் 8 பல்சக்கரம்) செயினுக்கு 11 ஸ்பீடு இணைப்பு சேராது. டியூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் பஞ்சர் கடைக் காற்றுக் குழாய் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று வேண்டும்.

நான்குவழிச் சாலையில் பஞ்சர் ஆவது ஆணியால் குறைவு, வெடித்த லாரி டயரிலிருந்து சிதறிய எஃகுக் கம்பியால் அதிகம். முடியளவு மெல்லியது, ரப்பருக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாது. டியூபை மட்டும் ஒட்டி மாட்டினால் சில கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடியும் இறங்கும். டயரின் உட்பக்கம் பஞ்சை வைத்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் கம்பி இருக்கும், முள்வாங்கியால் பிடுங்கிவிடலாம்.

உடம்பு

ஈ.சி.ஆரில் சமதளத்தில் மாமல்லபுரம் போய் வந்ததைப் பயிற்சியாக எண்ண வேண்டாம். முழுச் சுமையோடு சனியும் ஞாயிறும் தொடர்ந்து 70 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் நாள் காலையில்தான் எங்கே வலிக்கிறது என்று தெரியும். ஏலகிரி ஏற்றத்தில் ஒருமுறை சுமையோடு ஏறினால் கியர் போதுமா என்பதும் விளங்கிவிடும். முட்டிக்கு முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கிறது, பின்பக்கம் என்றால் உயர்ந்திருக்கிறது. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடாதீர்கள், தையல் உரசியே புண்ணாகும். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குடித்தால் வயிற்றைக் கலக்கும்.

திரும்பும் வழி

போகும் வழியை மீட்டர் மீட்டராக வரைந்தவர்கள், சைக்கிளோடு எப்படித் திரும்புவது என்று ஸ்ரீநகரில்தான் யோசிக்கிறார்கள். ஜம்முவுக்கு வண்டியில் இறக்கினால், கத்ராவிலிருந்து கன்னியாகுமரிக்கு வாரம் ஒருமுறை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஜம்மு வழியாக வருகிறது. பயணச்சீட்டைக் காட்டி சைக்கிளை லக்கேஜாகப் புக் செய்யலாம். ரயில் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே பார்சல் அலுவலகத்தில் இருங்கள். பின்கியரைக் கழற்றி ஃப்ரேமுக்குள் கட்டி, அட்டையும் சாக்கும் சுற்றுங்கள். பெடலைக் கழற்றும்போது இடது பெடலின் மரை தலைகீழ் என்பது நினைவிருக்கட்டும், வழக்கமான பக்கம் திருகினால் இன்னும் இறுகும். பெயர், போன் எண், பி.என்.ஆர்., இறங்கும் ஸ்டேஷன் நான்கையும் மார்க்கரில் சாக்கின் இரண்டு பக்கமும் எழுதுங்கள்.